மக்னீசியம் உறையும் நேரம்

நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரம் வழியாகச் சேலம் தாண்டிக் கருப்பூர் பக்கம் போகிறவர்கள் வெள்ளை வெளேரென்ற சுரங்க மேடுகளைப் பார்த்திருப்பார்கள். ஊரார் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட் அது. சுத்தமான கல்லாக இருந்தால் 100 கிலோவில் ஏறக்குறைய 29 கிலோ மக்னீசியம் உண்டு. ஆனால் அந்தக் கல் பெரும்பாலும் சூளையில் சுடப்பட்டு, எஃகு உலைகளின் உட்சுவர்ச் செங்கல்லாகத்தான் போகிறது. அதனுள் இருக்கும் உலோகத்தையும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

மக்னீசியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம்தான். அலுமினியம் 2.7, இரும்பு 7.87. ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் கூடு, கார் ஸ்டீயரிங் சட்டம் போன்றவற்றை இதன் கலவைகளில் வார்க்கிறார்கள். அதிகம் புழங்குவது ஏஇசட்91. அதில் அலுமினியம் சுமார் 9 சதவீதம், துத்தநாகம் 1 சதவீதம்.

சுத்த மக்னீசியம் 650 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும். ஏஇசட்91 கலவை அப்படியல்ல. 600 டிகிரியை ஒட்டித் தொடங்கி, அச்சுக்குள் 437 டிகிரி வரை இழுத்துக்கொண்டு போகும். முதலில் தோன்றும் படிகங்கள் ஏறக்குறைய முழுக்க மக்னீசியம். அணுக்கள் அறுகோணமாக அடுக்கப்படுவதால் அவை ஆறு கிளை விட்டு, கிளைக்குள் கிளை விட்டு வளரும். தம்முள் கரையாத அலுமினியத்தைச் சுற்றியுள்ள குழம்புக்குத் தள்ளும். அலுமினியம் ஏற ஏறக் குழம்பு உறையும் வெப்பநிலை இறங்கும். கடைசித் துளி கிளைச் சந்துகளில் கடினமான, எளிதில் நொறுங்கும் சேர்மமாக இறுகும்.

சிக்கலே இங்கேதான். உறையும்போது உலோகம் சுமார் 4 சதவீதம் சுருங்கும். அந்த இடத்தை நிரப்பக் குழம்பு ஓடி வர வேண்டும். பாதி இறுகிய வெல்லப்பாகு போலிருக்கும் அந்த நிலையில் கிளைகள் வழிமறிக்கும். நிரம்பாத இடங்கள் நுண்துளைகளாகிவிடும். எண்ணெய் நிற்க வேண்டிய கூடு கசியும்.

படிகங்கள் சிறியனவாக இருந்தால் குழம்பு சுலபமாகப் புகும், வார்ப்பும் வலுப்படும். 1937இல் ஜெர்மனியில் சாவர்வால்ட் என்பவர் ஒரு வழி கண்டார்: ஒரு சதவீதத்துக்கும் குறைவான சிர்கோனியம். அதன் அணுக்களும் அறுகோண அடுக்கே. இடைவெளியும் மக்னீசியத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். அதனால் சிர்கோனியத் துகள்களின் மேல் புதுப் படிகங்கள் ஏராளமாக முளைக்கும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

ஆனால் ஏஇசட்91க்கு அது உதவாது. சிர்கோனியம் அலுமினியத்தோடு சேர்ந்து உலையின் அடியில் தங்கிவிடும். அதற்குப் பதிலாகக் கார்பன் சேர்ந்த பொருள்களை இடுகிறார்கள். படிகங்கள் சிறுக்கின்றன; ஆனால் எந்தத் துகள் விதையாகிறது என்பதில் உலோகவியலாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.