முதுகுத்தண்டுவடத் தசைநலிவு நோய்

முதுகுத்தண்டுவடத் தசைநலிவு நோய் என்பது தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் தசைகள் வலுவிழக்கும் அரிய மரபுவழி நோயாகும். சுமார் 10,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. 1890களில் கைடோ வெர்ட்னிக், யோகான் ஹாஃப்மன் ஆகிய மருத்துவர்கள் இதனை விவரித்தனர்.

காரணம்

மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்பவை இயக்க நரம்பணுக்கள். அவை உயிர்வாழத் தேவையான புரதத்தை, 5ஆவது குரோமோசோமிலுள்ள எஸ்எம்என்1 மரபணு உருவாக்குகிறது. இம்மரபணு 1995இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற படியைப் பெறும் குழந்தைக்கே நோய் வரும். ஒரு படி மட்டும் பழுதுற்ற பெற்றோருக்கு அறிகுறி எதுவும் இராது. இருவருமே அத்தகையவர்களாயின், ஒவ்வொரு கருவுறுதலிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்ததால் அடுத்த குழந்தைக்கு வராது என எண்ணுவது தவறு. நெருங்கிய உறவில் மணம் செய்வோரிடம் இவ்வாய்ப்பு கூடுகிறது.

வகைகள்

முதல் வகை 6 மாதத்திற்குள் தோன்றும். குழந்தையால் தானாக உட்கார இயலாது, மூச்சுவிடுதலும் விழுங்குதலும் பாதிக்கப்படும். இரண்டாம் வகையில் குழந்தை உட்காரும், நடக்காது. மூன்றாம் வகையில் நடக்கத் தொடங்கிய பின் வலு குறையும். நான்காம் வகை பெரியவர்களுக்கு வருவது.

முதுகெலும்பு வளைவு

உடற்பகுதித் தசைகள் தாங்காதபோது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து நுரையீரலை நெருக்குகிறது. வளரும் குழந்தைகளுக்கு நீட்டக்கூடிய உலோகத் தண்டுகளைப் பொருத்துவதுண்டு. எலும்புகளை இணைத்துவிட்டால் தண்டுவடத் திரவத்தில் ஊசி போடுவது கடினமாகும். ஆகவே அறுவை மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் முன்கூட்டியே கலந்து திட்டமிடுவர்.

சிகிச்சை

அமெரிக்காவில் தண்டுவடத் திரவத்தில் செலுத்தும் நுசினெர்சென் 2016இலும், ஒரே முறை செலுத்தும் மரபணு மருந்தான ஒனாசெம்னோஜீன் 2019இலும், வாய்வழி மருந்தான ரிஸ்டிப்லாம் 2020இலும் ஒப்புதல் பெற்றன. இவற்றின் விலை மிக அதிகம். அழிந்த நரம்பணுக்களை எம்மருந்தும் மீட்டுத் தராது, எஞ்சியவற்றையே காக்கும். எனவே அறிகுறி தோன்றுமுன் தொடங்கும் சிகிச்சையே பெரும்பயன் தரும். இதற்காகப் பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் சோதனை செய்கின்றனர்.

கவனிக்க வேண்டியவை

தலை நிற்காமை, கால்களை உதைக்காமை, மெலிந்த அழுகுரல், மூச்சின்போது வயிறு மட்டும் ஏறி இறங்குதல் ஆகியவை தென்பட்டால், போகப்போகச் சரியாகும் என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்நோய் அறிவுத்திறனைப் பாதிப்பதில்லை. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும், எழுத உதவியாளரும் இருந்தால் இக்குழந்தைகள் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் நன்றாகப் படிக்க இயலும்.