பாட்டனார் சொன்ன கதை

அயர்லாந்து என்றதும் நம்மில் பலருக்கு டிவேலராவின் நினைவே வரும். 1922-ல் சுயாட்சி பெற்ற பிறகு அந்தத் தேசம் செய்த வேறொரு காரியத்தை நாம் அவ்வளவாக அறியோம். 1937 முதல் 1939 வரையில், ஏறக்குறைய 5,000 பாடசாலைகளைச் சேர்ந்த பிள்ளைகள் தங்கள் ஊர்க் கிழவர் கிழவிகளிடம் சென்று பழங்கதைகள், ஊர்ப் பெயரின் காரணம், கை வைத்தியம், பஞ்ச காலத்துச் செய்திகள் முதலியவற்றைக் கேட்டு எழுதி வந்தார்கள். அந்த நோட்டுப் புத்தகங்கள் இன்றும் டப்ளின் சர்வகலாசாலை ஒன்றில் பத்திரமாக இருக்கின்றன.

நமது அரியலூர், பெரம்பலூர்ச் சீமைக்கும் அத்தகைய நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. எழுதியவர்தாம் ஒருவர். மகாமகோபாத்தியாய சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதிவந்த 'என் சரித்திர'த்தைச் சொல்லுகிறோம். 1942-ல் அவர் காலமானமையால் அது முற்றுப்பெறாமல் நின்றது.

ஐயரவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லித் தொடங்கவில்லை. தஞ்சாவூர் அரசர் ஒருவர் ஏகாதசியன்று மறந்துபோய்த் தாம்பூலம் தரித்துவிட்டார். அந்தத் தோஷம் நீங்க 48 வீடுகளும் 24 கிணறுகளும் அமைத்து அந்தணருக்கு வழங்கினார். அதுவே உத்தமதானபுரம் என்கிறார். இதற்குச் சாசனம் எங்கே என்று கேட்பவர் கேட்கட்டும். வீட்டுப் பெரியவர்கள் வாய்வழி வந்த கதை அது.

அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தானத்தில் விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். ஊர் ஊராகச் சென்று இராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பத்தை நடத்தினார். போகுமிடமெல்லாம் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கத் தக்கவர் யார் என்று விசாரிப்பது அவர் வழக்கம். அரியலூரில் சடகோபையங்கார் கிடைத்தார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று வரிசையாக வந்தார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேருவதற்கு முன்பு ஐயரவர்களுக்குத் தமிழ்ச் சுவை ஊட்டியவை இந்தக் கிராமத்துத் திண்ணைகளே. ரெயிலில் அரியலூரைக் கடந்து செல்வோர் இன்று சிமெண்டுத் தூசியைத்தான் காண்கிறார்கள்! ஊரின் பெயரைக்கூட ஐயரவர்கள் 'அரியிலூர்' என்றே எழுதுவார்.

சடகோபையங்காரைப் பற்றிச் சிஷ்யர் எழுதி வைத்திராவிட்டால் நமக்கு அவர் ஏது? அவர் செல்வரல்லர், பெரிய உத்தியோகம் வகித்தவருமல்லர்.

இப்பகுதியில் உபாத்தியாயராக இருக்கும் நாம் சென்ற வருஷம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டோம்: "உங்கள் பாட்டனாரின் தகப்பனார் பெயர் என்ன?" எழுந்து சொன்னவர்கள் மிகச் சிலரே. சினிமாக்காரர் பெயரென்றால் வகுப்பே எழுந்திருக்கும். ஆளுக்கொரு நோட்டு வாங்கி, வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு எழுதிவரச் சொன்னோம்.

ஒரு பையன் பாட்டியிடம் போனான். தங்கள் குடும்பம் உடையார்பாளையத்தை விட்டு வந்த கதை பெரிதென்றும், அறுப்பு முடிந்ததும் சாவகாசமாகச் சொல்வதாகவும் அவள் சொன்னாளாம். தை பிறப்பதற்குள் அவள் போய்விட்டாள். அவன் கொண்டுவந்த நோட்டில் இரண்டு பக்கம் எழுதியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் தலைப்பு மட்டும் இருந்தது. மற்றப் பிள்ளைகளை அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்க் கேட்கச் சொன்னோம்.