வளைந்தாலும் ஒளி இழக்காத கண்ணாடி இழை

கடல் கடந்து பொருள் தேடச் சென்றிருக்கும் மகனின் முகத்தைத் திரையில் கண்டு தாய் பேசிக்கொண்டிருக்கிறாள். திடீரெனப் படம் உறைந்து நிற்கிறது, குரல் அறுபடுகிறது. இணைப்புத் தந்த நிறுவனத்தைக் குறை கூறுகிறோம். ஆனால், பெருநாளுக்கு வீட்டை வெள்ளையடித்துவிட்டு அலமாரியைச் சுவரோடு நெருக்கித் தள்ளினோமே, அதன் பின்னால் மடங்கிக் கிடக்கும் மெல்லிய ஃபைபர் கேபிளை எண்ணிப் பார்த்தோமா?

அந்தக் கேபிளின் நடுவே இருப்பது 125 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடி இழை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளி பயணம் செய்யும் உள்ளகமோ பத்து மைக்ரானுக்கும் குறைவு. உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் அதைச் சூழ்ந்த உறையின் எண்ணைவிடச் சற்றே அதிகம். அதனால் ஒளி வெளியேறாமல் உள்ளேயே ஓடுகிறது. ஒளி விலகும் விதியை ஏறத்தாழ 984ஆம் ஆண்டிலேயே பக்தாதில் வாழ்ந்த இப்னு சஹ்ல் தம் நூலில் பயன்படுத்தியிருந்தார். கண்ணாடி இழை வழியே தொலைதூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966இல் எடுத்துக்காட்டிய சார்லஸ் காவ், 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

நேராகச் செல்லும் வரை இழைக்குத் துன்பமில்லை. கூர்மையாக வளைக்கும்போதுதான், வளைவின் வெளிப்புறமாக ஒளி கசிகிறது. அலைநீளம் கூடக்கூடக் கசிவும் கூடும். இழப்பு 3 டெசிபல் ஆனால் பாதி ஒளி போயிற்று என்று பொருள். தெருவிலும் நெடுஞ்சாலையிலும் புதைப்பதற்கென வகுக்கப்பட்ட ஜி.652 வகை இழையின் வளைவுச் சோதனை 30 மில்லிமீட்டர் ஆரத்தில் நடத்தப்படுகிறது. வீட்டிலோ கதவு நிலை, சுவர் மூலை, சன்னல் இடுக்கு என எத்தனை திருப்பங்கள்! அங்கே அவ்வகை இழை ஒளியின் பெரும்பகுதியை இழந்துவிடக்கூடும்.

இக்குறையைத் தீர்க்க, உள்ளகத்தைச் சுற்றி ஒளிவிலகல் எண் மிகக் குறைந்த வளையம் ஒன்றை அமைத்தனர். அகழி கோட்டையைக் காப்பது போல அவ்வளையம் ஒளியைக் காக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் இத்தகைய இழைகளுக்கு ஜி.657 என்னும் தரத்தை வகுத்தது. இதில் ஏ1 வகை 10 மில்லிமீட்டர் ஆரம் வரையிலும், ஏ2 வகை 7.5 மில்லிமீட்டர் வரையிலும், பி3 வகை 5 மில்லிமீட்டர் வரையிலும் வளையும். ஏ2 இழையை 7.5 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாலும், 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் இழப்பு அரை டெசிபலைத் தாண்டலாகாது. அதாவது, ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு ஒளியே குறையும். பழைய ஜி.652 இழையுடனும் இதனை இணைக்கலாம்.

எனினும், வளையும் என்பதற்காக மடித்து நசுக்கலாம் என்று கொள்ளாதீர்கள். கண்ணாடி கண்ணாடிதான். ஆணியடித்து இறுக்கினாலும், கதவிடுக்கில் சிக்கினாலும் உடையும். அளவு மீறிய வளைவு இன்று ஒளியைத் தடுக்காவிடினும், இழையின் ஆயுளைக் குறைக்கும்.

ஆகவே வாசகர்களே, புதிய வீடு கட்டுவோர் சுவரில் குழாய் பதிக்கும்போதே மூலைகளில் கூர்மையான எல்போவைத் தவிர்த்து, நீண்ட வளைவுகளையே வைக்கச் சொல்லுங்கள். இணைப்புத் தர வருவோரிடம் கேபிளின் மேலுறையில் ஜி.657.ஏ2 என அச்சிட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மிச்சக் கேபிளைச் சாப்பாட்டுத் தட்டளவு அகலமாகச் சுற்றி வையுங்கள். வந்து சேரும் ஒளியின் அளவையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். பரவலாக உள்ள ஜீபான் முறையில் அது −8க்கும் −27 டிபிஎம்முக்கும் இடையில் இருக்க வேண்டும். −27ஐ நெருங்கினால் எங்கோ கசிவு இருக்கலாம்.

இன்னொன்று மிக முக்கியம். கழற்றிய கேபிளின் முனையைக் குழந்தைகள் கண்ணருகே கொண்டுசென்று பார்க்க விடாதீர்கள். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடும்.

அடுத்த முறை மகனின் முகம் திரையில் உறைந்து நின்றால், புகார் செய்யுமுன் அலமாரியைச் சற்று முன்னே நகர்த்திப் பாருங்கள். பிழை அங்கேயே இருக்கக்கூடும்.