தட்டிப் போட்ட வெள்ளரி

வட சீனத்தில் கோடைக்காலச் சாப்பாட்டில் அடிக்கடி இடம்பெறுவது 'பாய் ஹுவாங் குவா'. வெள்ளரிக்காயைப் பலகையில் வைத்து, அகலக் கத்தியைப் படுக்கைவசமாகப் பிடித்து ஓங்கித் தட்டுகிறார்கள். காய் தாறுமாறாகப் பிளந்ததும் துண்டாக்கி, பூண்டு, சோயா சாஸ், வினிகர், சில சொட்டு எள்ளெண்ணெய் விட்டுப் புரட்டினால் சாலட் தயார். அடுப்பே வேண்டாம்.

தட்டுவதில் காரணம் இருக்கிறது. காய்கறித் தோலில் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. எண்ணெய் அதில் ஒட்டும். வினிகரும் சோயா சாஸும் தண்ணீர்போல வழிந்தோடும். ஐரோப்பிய சாலட்டில் எண்ணெய் தாராளமாக ஊற்றப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. வெள்ளரியைத் தட்டினாலோ உள்சதை கரடுமுரடாகத் திறந்து, பரப்பு கூடி, சாறு இடுக்குகளில் தங்கிவிடும். வாசனையும் அப்போதுதான் பிறக்கிறது. செல்கள் உடைந்ததும் நொதிகள் காயிலுள்ள கொழுப்பு அமிலங்களைச் சிதைக்க, நோனாடையினல் என்ற சேர்மம் உருவாகிறது. 'வெள்ளரி வாசனை' என்று நம் மூக்கு அறிவது பெரும்பாலும் இதைத்தான்.

அடுத்தது உப்பு. வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர். உப்புப் போட்ட பச்சடி நேரமாக ஆக நீர்த்துப்போவது எல்லாச் சமையலறையிலும் நடப்பதுதான்; சவ்வூடு பரவலால் செல்லின் நீர் உப்பைத் தேடி வெளியே வருகிறது. அதை முன்கூட்டியே நடத்திவிடுகிறார்கள் சீனர்கள். அரைக் கிலோ காய்க்கு ஒரு டீஸ்பூன் உப்பு, இருபது நிமிடம், பிறகு வடித்துவிடுவது. இனிச் சேர்க்கும் சாறு நீர்க்காது.

எண்ணெயை அடியோடு விட்டுவிடலாமா? கூடாது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு பேருக்கு 0, 6, 28 கிராம் எண்ணெய் கலந்த சாலட்களை வெவ்வேறு நாள்களில் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். எண்ணெயே இல்லாதபோது, கேரட் போன்றவற்றிலுள்ள கெரோட்டினாய்டு நிறமிகள் ஏறக்குறைய உடலில் சேரவே இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் இவை கொழுப்பில் கரைபவை என்பதால் முடிவு வியப்பளிக்கவில்லை. வெள்ளரியோடு கேரட்டும் சீவிப் போடுகிறவர்கள் ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். சுமார் 40 கலோரிதான்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். நம் நல்லெண்ணெய் பொதுவாக வறுக்காத எள்ளில் ஆட்டியது. சீன எள்ளெண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து வருவது, கருமை தட்டியது, மணம் தூக்கலானது. அதனால் சொட்டுகளே போதும். கிடைக்காவிட்டால் எள்ளைச் சிவக்க வறுத்துப் பொடித்துத் தூவலாம். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான்.

கொழுப்பு குறைந்தது என்று நிம்மதியடைகிறவர்கள் சோயா சாஸ் பாட்டிலை மறந்துவிடுகிறார்கள். ஒரு மேசைக்கரண்டியில் 900 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளெல்லாம் சேர்த்தே 2,000-க்குக் கீழ் என்கிறது. வடித்த காயை ஒருமுறை தண்ணீரில் அலசிப் பிழிந்து, சாஸைப் பாதியாக்கி, மிச்சத்தை வினிகருக்கும் பூண்டுக்கும் விட்டுவிடலாம். வினிகரைப் பரிமாறும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும். அமிலம் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றிவிடுவதால், ஊறவைத்த தோல் பசுமை மங்கிப் பழுப்பேறிவிடும்.