உஷார்! ‘செலக்ட் ஆயிட்டீங்க’ என்று வரும் மெசேஜ்

“வாழ்த்துகள்! டிஜிட்டல் ஆர்ட்டிஸ்ட் இன்டர்ன்ஷிப்புக்கு நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. ஒர்க் ஃப்ரம் ஹோம். மாசம் 15,000. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள 499 ரூபாய் கட்டினா சீட் உறுதி.”

போனில் படம் வரைகிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்தால், கட்டாதீர்கள். 499 கூட வேண்டாம், 49 கூட வேண்டாம். வேலை கொடுக்கிறவன் சம்பளம் தருவான்; அவன் உங்களிடம் கைநீட்ட மாட்டான்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்காகத்தான் இதைப் பதற்றத்தோடு எழுதுகிறேன். ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து போட்டோஷாப் பழகியவர்கள், கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர்கள், பிறந்தநாளுக்கு முகம் வரைந்து கொடுத்து இருநூறு முந்நூறு வாங்குகிறவர்கள், இபிஸ் பெயின்ட் ஆப்பில் விரல் தேயத் தேய வரைகிறவர்கள். கல்வராயன் மலையின் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் என்றால் ஒரு ஃபைல் அனுப்பவே சிக்னல் கிடைக்கிற மேட்டைத் தேடிப் போக வேண்டும். அனிமேஷன் கம்பெனிகளோ சென்னையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் இருக்கின்றன. போய்வரக் காசில்லை, கல்லூரியிலோ இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் கேட்கிறார்கள். ‘வீட்டிலிருந்தே செய்யலாம்’ என்ற ஒரு சொல் போதும், பிள்ளை விழுந்துவிடும். ஏமாற்றுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆஃபர் லெட்டரில் எம்.எஸ்.எம்.இ. முத்திரை இருக்கும், ஐ.எஸ்.ஓ. முத்திரை இருக்கும். அவற்றைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். எம்.எஸ்.எம்.இ.க்கான உத்யம் பதிவை யார் வேண்டுமானாலும் சுய அறிவிப்பு கொடுத்து, காசில்லாமல் வாங்கிவிடலாம். கம்பெனி நல்ல கம்பெனி என்று அது சான்று சொல்வதில்லை. ‘பிரைவேட் லிமிடெட்’ என்று போட்டிருந்தால் 21 எழுத்து-எண் கொண்ட கம்பெனி அடையாள எண்ணை, அதாவது சி.ஐ.என்., கேளுங்கள். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதைப் போட்டால் பெயரும் முகவரியும் வரும். எண்ணைக் கேட்டதுமே கோபப்படுகிற ‘எச்.ஆர்.’ எச்.ஆரே இல்லை.

பணம் கேட்காமல் வருகிற ஆட்கள்தான் இன்னும் மோசம். “டெஸ்ட்டுக்கு பத்து கேரக்டர் வரைஞ்சு அனுப்புங்க, லேயரோட பி.எஸ்.டி. ஃபைலா வேணும்” என்பார்கள். பிள்ளை ராத்திரி முழுக்கக் கண் விழித்து வரைந்து அனுப்பும். அடுத்த நாள் அந்த நம்பரே இருக்காது. படம் மட்டும் எங்கோ ஒரு கேமிலோ, டி-ஷர்ட்டிலோ விற்பனையாகும். நம் பிள்ளைகளுக்கு இங்கே சட்டம் துணை நிற்கிறது என்பதே தெரிவதில்லை. 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவரே முதல் உரிமையாளர். காசு கொடுத்துச் சொல்லி வரையவைத்த ஓவியமும், சம்பள வேலையில் வரைந்ததும் வரையவைத்தவர்களுக்குச் சேரலாம். காசே தராமல் வாங்கிய டெஸ்ட் படம் உங்களுடையது. உரிமையை மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ என்று ஒப்புக்கொண்டதாலேயே அது கைமாறிவிடாது என்று சட்டத்தின் 19-வது பிரிவு காக்கிறது. எனவே சின்ன அளவில், குறுக்கே பெயர் போட்டு அனுப்புங்கள். லேயர் ஃபைல் உங்களிடமே இருக்கட்டும். இபிஸ் பெயின்ட் வரைகிற விதத்தையே வீடியோவாகச் சேமித்துத் தரும். அதை அழிக்காதீர்கள், நாளைக்கு அதுதான் சாட்சி.

மரச்சிற்பக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். அப்பா காகிதத்தில் போட்ட வரைபடத்தையும், பிள்ளை அதைப் பார்த்து டேப்லெட்டில் வரைந்ததையும் அது காக்காது. “போர்ட்ஃபோலியோவுக்கு வீட்டு டிசைன் எல்லாம் அப்லோட் பண்ணுங்க” என்று முகம் தெரியாத ஒருவன் சொன்னதும் மொத்தமாக ஏற்றிவிட்டால், குடும்பத்தின் பல வருட உழைப்பு ஒரே சொடுக்கில் போய்விடும்.

ஃபைலைத் திறப்பதிலும் கவனம் வேண்டும். 2022-ல் டீவியன்ட்ஆர்ட், பிக்ஸிவ் தளங்களில் இருந்த உலகத்து ஓவியர்களுக்கு ‘சைபர்பங்க் ஏப் எக்ஸிக்யூடிவ்ஸ்’ என்ற பெயரில் வேலை அழைப்பு போனது. மாதிரிப் படங்கள் என்று பாஸ்வேர்டு போட்ட ஒரு ஆர்.ஏ.ஆர். ஃபைல் வந்தது. உள்ளே படங்களோடு படமாக, ஜிஃப் போல வேடமிட்ட ஒரு எக்ஸி ஃபைல் இருந்தது. அதைத் தொட்டவர்களின் கணினியில் தகவல் திருடும் வைரஸ் உட்கார்ந்துகொண்டது. பாஸ்வேர்டு போட்டதற்கும் காரணம் உண்டு: ஆன்டிவைரஸால் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. போனுக்கு ஏ.பி.கே. ஃபைல் அனுப்பி ‘எங்க ஆப் இன்ஸ்டால் பண்ணுங்க’ என்றாலும் இதே கதைதான்.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் பயம் தருவது மிரட்டல். ஆன்லைனில் ஒரு ‘அக்ரிமென்ட்’டில் கையெழுத்து வாங்குவார்கள். ஏழு நாளில் இத்தனை படம், தவறினால் அபராதம். முடிக்க முடியாத கணக்காகத்தான் அது இருக்கும். அப்புறம் ‘வக்கீல்’ பேசுவார்: கேஸ் போட்டாச்சு, போலீஸ் வரும், 8,000 கட்டினால் விட்டுவிடுகிறோம். வீட்டில் ஏற்கெனவே சொல்லாமல் செய்த பிள்ளை, இதை மட்டும் யாரிடம் போய்ச் சொல்லும்? அம்மா, அப்பா, முதலில் திட்டாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் கோர்ட் உத்தரவு ஆகாது. படம் முடித்துத் தராததற்காக மட்டும் போலீஸ் யாரையும் பிடித்துப்போக முடியாது. 18 வயது ஆகாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லவே செல்லாது. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பினால் அடுத்த வாரம் இன்னொரு ‘வக்கீல்’ வருவார்.

கல்வராயன் மலைக்கு இந்த ஏமாற்று வேறு உருவத்தில் பழக்கம்தான். புரோக்கர் முன்பணம் கொடுத்து, வேறு வேலை என்று கூட்டிப்போய் ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்ட இறக்கிவிட்டதையும், அதன்பின் குடும்பங்கள் ஜெயில் வாசலில் அலைந்ததையும் மலை பார்த்திருக்கிறது. இப்போது புரோக்கர் போனுக்குள் வருகிறான். தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ் வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரில் மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டது பற்றி 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. அடுத்த மாதம் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பியவர்களில் 13 பேர் தமிழர்கள். ‘ஆறு மாசம் வீட்டிலிருந்து, அப்புறம் வெளிநாடு, டூரிஸ்ட் விசாவில் வந்துவிடு’ என்று பேச்சு நகர்ந்தால், அங்கேயே நிறுத்துங்கள்.

நல்ல வழிகள் இருக்கின்றன. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தைக் கல்லூரியிலேயே விசாரியுங்கள். தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக உதவித்தொகையோடு பழகுநராகச் சேரலாம். படிப்பை முடித்து வேலையில்லாமல் இருக்கும் 21 முதல் 24 வயதுக்காரர்களுக்காக 2024-ல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம், மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை என்று அறிவித்தது. அதற்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் கைமாறி எடுக்கப்படுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பணம் அனுப்பியதற்கான யு.டி.ஆர். எண், ஸ்கிரீன்ஷாட், அவர்கள் நம்பர் எல்லாம் கையில் இருக்கட்டும். வெட்கப்பட்டு சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். வக்கீல் வைக்கக் காசில்லையென்றால் 15100-ல் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமலே அந்த உதவி சட்டப்படி உண்டு. மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.