பக்கவாதத்தின் இரண்டாவது அடி

எடையில் பார்த்தால் மூளை உடம்பில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் இதயம் இறைக்கும் ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் அதற்கே போகிறது. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வேண்டும். ரத்தக்குழாய் அடைத்து, அது 20 மில்லிக்குக் கீழே இறங்கினால் செல்கள் வேலையை நிறுத்திவிடும். கை துவளும், வாய் கோணும், பேச்சு குழறும். 10 மில்லிக்கும் கீழே போனால் சில நிமிடங்களில் அவை மடியத் தொடங்கும். இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவில் இருக்கும் பகுதி செயலற்றுக் கிடக்கிறதே தவிர, இன்னும் சாகவில்லை. முதல் நாலரை மணி நேரத்துக்குள், அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போடுவது அந்தப் பகுதியை மீட்கத்தான்.

முதல் நாளைத் தாண்டியதும் 'கண்டம் கழிந்தது' என்று குடும்பத்தார் மூச்சு விடுகிறார்கள். பெரிய அடைப்பு என்றால் அப்படி நிம்மதி அடைய முடியாது. ஆக்சிஜன் கிடைக்காத செல், தனக்குள் நுழையும் சோடியத்தை வெளியேற்றும் சக்தியை இழக்கிறது. சோடியத்தின் பின்னாலேயே தண்ணீரும் புகுந்து செல் உப்புகிறது. அடுத்து நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரும் கசியத் தொடங்குகிறது. வீக்கம் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்.

காலில் வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும். மண்டை ஓடு இம்மியும் விரியாது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, நன்றாக இருக்கும் பக்கத்துத் திசுவுக்கும் ரத்தம் குறைகிறது, அதுவும் வீங்குகிறது. கடைசியில் மூச்சை நடத்தும் மூளைத்தண்டே நசுங்குகிறது. முதியவர்களின் மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால் உள்ளே கொஞ்சம் இடம் இருக்கும். இளையவர்களுக்கு அந்த இடமும் இல்லை.

இதற்கு மருத்துவம் கண்ட வழி கேட்கவே பயமாக இருக்கும்: மண்டை ஓட்டின் ஒரு பக்கத்தில் 12 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலத்தில் எலும்பைக் கழற்றி, வீங்கும் மூளைக்கு இடம் விடுவது. எடுத்த எலும்பை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துக் காப்பதும் உண்டு. சில மாதம் கழித்து மறுபடி பொருத்துவார்கள். ஐரோப்பாவில் நடந்த மூன்று ஆய்வுகளின் முடிவுகள் 2007இல் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. 60 வயதுக்கு உட்பட்டவர்களில், 48 மணி நேரத்துக்குள் இந்த அறுவை செய்துகொண்டவர்களில் 78 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். செய்துகொள்ளாதவர்களில் 29 சதவீதம். செத்த திசு இதனால் உயிர்பெறாது. பலருக்குக் கை கால் குறை தங்கிவிடும். அதை மருத்துவரிடம் முன்பே மனம் விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும்.

நோயாளியின் அருகில் இருப்பவர்களுக்கு ஒன்று. நேற்று பேசியவர் இன்று எழுப்ப எழுப்பக் கண் சொருகினால், 'அசதி, தூங்கட்டும்' என்று விடாதீர்கள். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.