கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்த டீச்சர்

1956-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரில், ஓர் ஆசிரியைக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். எடுத்தது அவரே உறுப்பினராக இருந்த கறுப்பினப் பட்டதாரிப் பெண்கள் சங்கம். வந்தவர்களில் பலரும் அவரைப்போலவே பள்ளிக்கூட வேலையில் இருந்தவர்கள். கூட்டமெல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் போட்டோ எடுக்கும் நேரம் வந்தபோது ஒருவரும் அவர் பக்கத்தில் போய் நிற்கத் துணியவில்லை. படம் யார் கண்ணிலாவது பட்டால் வேலை போய்விடும் என்ற பயம். விழா நாயகிக்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. வேலை ஏற்கெனவே போயிருந்தது. 40 வருஷ சர்வீஸுக்கான ஓய்வூதியமும் கூடவே போயிருந்தது. வயது 58.

அவர் பெயர் செப்டிமா பாய்ன்செட் கிளார்க். 1898 மே 3-ல் பிறந்து, 1987 டிசம்பர் 15-ல், 89 வயதில் காலமானவர். வயதான ஓர் ஆசிரியை இறந்துபோனால் இரங்கல் குறிப்பில் மூன்று பட்டங்களை வரிசையாக எழுதுவது வழக்கம்: நல்லாசிரியை, நல்ல மனைவி, நல்ல தாய். மூன்றும் ஒரே வீட்டில் ஒற்றுமையாகக் குடியிருந்ததுபோலத் தொனிக்கும். கிளார்க்கின் வாழ்க்கையில் அப்படி இல்லை. மனைவியாக இருந்தது ஐந்தரை வருஷம். தாயாக இருந்ததில் பெரும்பகுதி பிள்ளைக்குப் பணம் அனுப்பியதில் போயிற்று. டீச்சராக மட்டும் ஐம்பது வருஷத்துக்கும் மேல் இருந்தார். ஒன்றுக்காக இன்னொன்றை எங்கே இழந்தார் என்று பார்க்காமல் அவரை வாழ்த்துவது சுலபம். அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அப்பா பீட்டர் அடிமையாகப் பிறந்தவர். அவருடைய எஜமானக் குடும்பம் பாய்ன்செட் குடும்பம். கிறிஸ்துமஸ் சமயத்தில் நம்மூர் நர்சரிகளிலும் சிவப்பு இலையோடு ஒரு தொட்டிச் செடி விற்கிறார்களே, பாய்ன்செட்டியா, அந்தப் பெயருக்குரிய தூதர் ஜோயல் பாய்ன்செட்டின் குடும்பம்தான். அம்மா விக்டோரியா ஹைட்டியில் வளர்ந்தவர். வீட்டிலேயே துணி வெளுத்துக்கொடுத்துச் சம்பாதித்தாரே தவிர, யார் வீட்டுக்கும் வேலைக்காரியாகப் போக மாட்டேன் என்பதில் பிடிவாதம். அப்பாவின் பொறுமையும் அம்மாவின் வீம்பும் மகளிடம் சரிபாதியாக வந்து சேர்ந்தன.

1916-ல் ஏவரி பள்ளியில் ஆசிரியர் பயிற்சியோடு படிப்பை முடித்தபோது வயது 18. சார்ல்ஸ்டன் நகரத்து அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கலாம், கறுப்பின ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஆகவே கிராமத்துக்குத்தான் போக வேண்டும். படகேறி ஜான்ஸ் தீவுக்குப் போனார். பருத்தி விளையும் ஊர், மலேரியாவும் உண்டு. பள்ளிக்கூடம் என்பது மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய இரண்டு அறை, சாய்மானம் இல்லாத பெஞ்சு. 132 பிள்ளைகளுக்கு இரண்டு டீச்சர். தலைமை ஆசிரியை என்ற பேரில் இவருக்கு மாதம் 35 டாலர், இன்னொருவருக்கு 25. எதிரே வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கான பள்ளி. அங்கே மூன்று மாணவர்கள், டீச்சருக்கு 85 டாலர். இந்தக் கணக்கைக் கிளார்க் சாகும்வரை மறக்கவில்லை.

பாடப் புத்தகம் போதாது. பிள்ளைகளையே கதை சொல்லச் சொன்னார்: அவர்கள் பார்க்கிற மரம், சாப்பிடுகிற சாப்பாடு, நடந்துவருகிற பாதை. அதைப் பெரிய காகிதப் பைகளில் எழுதிச் சுவரில் மாட்டினார். அதுவே வாசிப்புப் பாடம். பகலில் பிள்ளைகள், ராத்திரியில் பெரியவர்கள். தங்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேச ஆசைப்பட்ட ஆண்கள்தான் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடு என்று முதலில் வந்து கேட்டார்கள். பெரியவர்கள் எதற்காகப் படிக்க வருகிறார்கள் என்பதை அந்தச் சின்ன வயதிலேயே அவர் பிடித்துக்கொண்டார். அவர்களுக்கு அவசரமாக ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அந்தக் காரியத்திலிருந்து தொடங்கினால் எழுத்து பின்னாலேயே வரும்.

1919-ல் நகரத்துக்குத் திரும்பி ஏவரியிலேயே வேலை. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தில் சேர்ந்தார். நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை நியமிக்கக் கோரி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். படித்த, வசதியான சிலர்தான் இதைக் கேட்கிறார்கள், சமையல்காரிக்கும் வண்ணாத்திக்கும் இதில் அக்கறை இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லியிருந்தது. அதற்காகவே சமையல்காரிகளிடமும் துணி வெளுக்கிறவர்களிடமும் போனார்கள். பத்தாயிரம் கையெழுத்து சேர்ந்தது. 1920-ல் கதவு திறந்தது.

அதே வருஷம் கல்யாணம். மாப்பிள்ளை நீரி கிளார்க், கடற்படையில் இருந்தவர். ஊர் பேர் தெரியாத ஆளைக் கட்டுவதா என்று அம்மாவுக்குச் சம்மதமில்லை. முதல் குழந்தை பெண். பிறந்த சில நாட்களில் இறந்துபோனது. பெற்றவர்கள் பேச்சை மீறியதற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றே அவர் நம்பினார். 1925-ல் ஓஹையோவின் டேட்டன் நகரில் மகன் பிறந்தான். அந்தச் சமயத்தில்தான் கணவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருப்பது தெரியவந்தது. அந்த வருஷம் டிசம்பரிலேயே கணவர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். கிளார்க்குக்கு வயது 27, கையில் பச்சைக் குழந்தை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்த மனிதரின் பெயரை மட்டும் 62 வருஷம் தன் பெயரோடு சுமந்தார். பாசமா, பழக்கமா, பிள்ளைக்காகவா என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

மகன் விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. மாநிலத் தலைநகரான கொலம்பியாவில் 1929-லிருந்து வேலை. வாடகைக்கு ஓர் அறை. கறுப்பின ஆசிரியைக்குத் தருகிற சம்பளத்தில் ஆள் வைத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வழியில்லை. 1930-களில் மகனை வட கரோலினாவின் ஹிக்கரி ஊரில் மாமனார் மாமியாரிடம் விட்டார். பையன் அங்கேயே வளர்ந்தான். வெள்ளைக்கார ஆசிரியைக்குக் கிடைத்த சம்பளம் இவருக்கும் கிடைத்திருந்தால் அந்தப் பையன் அம்மாவோடு இருந்திருக்கக்கூடும். சம ஊதியம் என்று நாம் மேடையில் கொள்கையாகப் பேசுகிறோம். அவருக்கு அது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடிந்ததா இல்லையா என்ற கேள்வி. 1945-ல் கொலம்பியாவில் சம ஊதிய வழக்கு நடந்தபோது, பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷலோடு சேர்ந்து வேலை செய்தார். வழக்கு ஜெயித்தது, சம்பளம் மூன்று மடங்கானது. ஆனால் மகனுக்கு அப்போது இருபது வயது.

நடுவில் வேலை பார்த்துக்கொண்டே படித்து 1942-ல் பி.ஏ., 1946-ல் எம்.ஏ. 1947-ல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததால் சார்ல்ஸ்டனுக்கே திரும்பினார்.

1956-ல் மாநில அரசு ஒரு சட்டம் போட்டது: அரசு ஊழியர் எவரும் என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினராக இருக்கக் கூடாது. மறைத்துவிட்டு வேலையைக் காப்பாற்றியவர்கள் நிறையப் பேர். கிளார்க் மறைக்கவில்லை. கறுப்பின ஆசிரியர்களுக்கு 726 கடிதம் எழுதி, சேர்ந்து எதிர்க்கலாம் என்று கூப்பிட்டார். 26 பேர் பதில் போட்டார்கள். அதிகாரியைப் பார்க்கப் போன அன்று வந்து நின்றது ஐந்தே பேர். வராதவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு சம்பளத்தில் ஒரு குடும்பமே சாப்பிட்ட காலம் அது.

வேலை போனவரை டென்னசி மலைப்பகுதியில் மைல்ஸ் ஹார்ட்டன் நடத்திவந்த ஹைலேண்டர் பள்ளி சேர்த்துக்கொண்டது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே கூரையின்கீழ் தங்கிப் படித்த இடம். வேலை போவதற்கு முன்பே, 1955 கோடையில், கிளார்க் நடத்திய பயிற்சிக்கு அங்கே வந்தவர்களில் ஒருவர் ரோசா பார்க்ஸ். அதிகம் பேசாத பெண்ணாக வந்து போனார்; நாலு மாதம் கழித்து மாண்ட்கமரி பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார்.

அடுத்து நடந்ததுதான் கிளார்க்கின் வாழ்நாள் வேலை. அது தொடங்கியதும் ஜான்ஸ் தீவில்தான். அந்தத் தீவில் ஏசா ஜென்கின்ஸ் என்றொருவர், தீவு மக்களை நகரத்து வேலைக்கு ஏற்றிப்போகும் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தார். வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் மாநில அரசியல் சட்டத்தில் அதிகாரி காட்டுகிற பகுதியை வாசித்து எழுதிக் காட்ட வேண்டும். அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். ஜென்கின்ஸ் போகிற வழியெல்லாம் பேருந்துக்குள்ளேயே சட்டப் பாடம் நடத்தினார். ஆலிஸ் வைன் என்ற பயணி, எழுத்துத் தெரியாமலேயே அந்தப் பகுதியை மனப்பாடம் செய்து ஒப்பித்தார். ஆனாலும் அவருக்கு உண்மையாகவே வாசிக்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைக்குப் பேருந்து போதவில்லை.

ஹைலேண்டர் கொடுத்த கடனில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கினார்கள். முன்னால் மளிகைக் கடை, பின்னால் வகுப்பறை. வெள்ளைக்காரர்கள் வந்து பார்த்தால் கடை மட்டும் தெரியும். கடை லாபத்தில் கடனையும் அடைத்தார்கள். சரி, டீச்சர்? கிளார்க் தேடிப் பிடித்தது தன் உறவுப் பெண் பெர்னிஸ் ராபின்சனை. ராபின்சன் அழகுக் கலை நிலையம் நடத்தியவர். ஒருநாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. எனக்கென்ன தெரியும் என்று மறுத்தார். கிளார்க் விடவில்லை. அவருடைய கணக்கு வேறு. பட்டம் பெற்ற டீச்சர் படிக்காதவரைக் குனியவைத்துப் பேசுவார் என்பது ஒன்று. இன்னொன்று, கறுப்பினப் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறவருக்கு வாடிக்கையாளர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள். எந்த வெள்ளைக்கார முதலாளியும் வேலையிலிருந்து நீக்க முடியாது. தன் வேலை போன விதத்திலிருந்து கிளார்க் கற்ற பாடம் அது.

1957 ஜனவரி 7, ராத்திரி வகுப்பு. 14 பேர் வந்தார்கள். வயலில் வேலையில்லாத மாதங்கள் என்பதால் அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ராபின்சன் குழந்தைகளுக்கான பாடப் பொருட்களைக் கொண்டுபோய், அரிச்சுவடிப் படங்களைப் பார்த்ததும் பெரியவர்கள் கூசுவதைக் கண்டு ஓரமாக எடுத்துவைத்துவிட்டார். உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், பேர் எழுத வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆயிற்று.

பேர் எழுதக் கிளார்க்கின் முறை எளிமையானது. அட்டையில் அவரவர் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டும், திரும்பத் திரும்ப, கை தானாகப் பழகும்வரை. ஏர் பிடித்த கைகள் பென்சிலையும் மேழியைப்போல அழுத்திப் பிடித்தன. பென்சில் பட்டுப்பட்டென்று ஒடிந்தது. ஒடிந்தால் அடுத்த பென்சிலைக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். 65 வயது மூதாட்டி ஒருவர், கரும்பலகையில் எழுதியிருந்த பல பெயர்களுக்கு நடுவே தன் பெயரை அடையாளம் கண்டு காட்டினார். உடம்பு சிலிர்த்தது என்று ராபின்சன் பின்னர் நினைவுகூர்ந்தார்.

குடியுரிமைப் பள்ளி என்று பெயர் பெற்ற இந்த வகுப்பு பக்கத்துத் தீவுகளுக்குப் பரவியது. 1959-ல் ஹைலேண்டரில் போலீஸ் புகுந்து, மது வைத்திருந்ததாகச் சொல்லிக் கிளார்க்கைக் கைது செய்தது. குடிப்பழக்கமே இல்லாதவர் மேல் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. 1961-ல் வகுப்புகளை மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு எடுத்து நடத்தத் தொடங்கியது. கிளார்க்கும் கூடவே போனார். ஜார்ஜியாவில் ஒரு பயிற்சி மையம். மாநிலம் மாநிலமாகப் போய், ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆட்களாகப் பார்த்து அழைத்துவந்து, ஒரு வாரம் பயிற்சி கொடுத்துத் திருப்பி அனுப்புவார். 1970 வரை ஏறத்தாழ 900 பள்ளிகள். 1965-ல் வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுத் தேர்வைத் தடைசெய்வதற்கு முன்பே இவர்களிடம் படித்தவர்கள் தேர்வெழுதி ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

அமைப்புக்குள் அவருக்குக் கிடைத்த மரியாதை போதவில்லை. இந்த அம்மாள் நிர்வாகக் குழுவில் எதற்கு என்று கேட்ட பாதிரியார்களும் உண்டு. எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்காதீர்கள், அந்தந்த ஊரில் தலைவர்களை உருவாக்குங்கள் என்று கிங்குக்குக் கடிதம் எழுதினார். கிங் அதைக் கூட்டத்தில் வாசித்தபோது குழுவினர் சிரித்தார்கள். சிரித்தவர்களைவிட அவர் சொன்னதில்தான் விஷயம் இருந்தது என்பது என் கட்சி. பெண்களை நடத்திய விதம் அந்த இயக்கத்தின் பெரிய பலவீனம் என்று பிற்காலத்தில் அவர் வெளிப்படையாகவே சொன்னார். கிங்கின் மேல் இருந்த மதிப்பைக் குறைத்துக்கொள்ளாமலே சொன்னார்.

1970-ல் ஓய்வு. ஓய்வு என்றால் வீட்டில் இருப்பது என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. 1975-ல், தன்னை வேலையை விட்டு அனுப்பிய ஊரின் பள்ளி வாரியத்துக்கே தேர்தலில் நின்று உறுப்பினரானார், 77 வயதில். பறித்த ஓய்வூதியத்தை மாநிலம் 1976-ல் திருப்பிக் கொடுத்தது. ஒரு நகரச் சாலைக்கும் அவர் பெயர் வைத்தார்கள். கறுப்பின மக்கள் குடியிருந்த பகுதியை நடுவில் வெட்டிக்கொண்டு 1960-களில் போட்ட சாலை அது.